ஸ்திரீபார்ட்

மூன்று மாசி மாதம் காமன் கூத்தில் நான் ரதியாக இருந்திருக்கிறேன். 1967, 68, 69. இலங்கையில் வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயங்களுக்கு மேலே இருந்த காமன் பொட்டலில். கம்பம் ஊன்றிக் கையில் காப்புக் கட்டிவிட்டால் அதன் பிறகு வீட்டில் எனக்குத் தனிச் சோறு, தனிப் பாய். கவிச்சி கிடையாது. அம்மாகூட அந்த நாட்களில் என்னை "வாடா போடா" என்று கூப்பிட மாட்டாள். இராத்திரியானால் அம்மாவின் கூறைச்சேலையும் அடுத்த காம்பரா அத்தையின் ரவிக்கையும் சவுரி முடியும் அரிதாரமுமாக என்னை வெளியே கூட்டி வருவார்கள். ரவிக்கைக்குள் துணி உருண்டை. அது ஒரு பக்கம் நழுவி இறங்கியதை வைத்து இரண்டு வருஷம் என்னைக் கிண்டல் பண்ணினார்கள். ஆனால் காமனை எரித்த இரவில் நான் ஒப்பாரி எடுத்தபோது, அதே ஆட்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

விடியக்காலை பீலிக்கரையில் தலையைக் கொடுத்தால் ரதி கரைந்து கானுக்குள் ஓடிவிடுவாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

முதல் வருஷம் கூத்து மாஸ்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "பொம்பள வேஷத்துக்குப் பொம்பளையவே போட்டா என்னா மாஸ்டர்?" அவர் தப்பைத் தீயில் காய்ச்சிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "பொம்பள ஆடுனா அது கூத்து இல்லடா, வேற." என்ன வேற என்று அவர் சொல்லவில்லை. பதினாறு வயதில் எனக்கும் அது விளங்கிவிட்டது போலத்தான் இருந்தது.

இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயிக்கு மட்டும் விளங்கவில்லை. "என் பொட்டியில இருக்கா பாரு ஒருத்தி. அவ ஆடுனதுக்கு ஊரே காசு குடுத்துப் பாத்துச்சு" என்றாள்.

அப்பாயியின் தகரப்பெட்டியில் இருந்தது ஒரு பாட்டுப் புத்தகம். 'நந்தகுமார்', 1938-ல் வந்த படம். அப்பாயி துறையூர்ப் பக்கத்து ஆள். திருச்சியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு, அதே வருஷம் அப்பாவைக் கையில் பிடித்தபடி மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தவள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் கூலி வேலைக்கு ஆள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. எங்கள் குடும்பம் கதவு சாத்துவதற்குக் கொஞ்சம் முந்தி நுழைந்த குடும்பம். தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் ரயில், நானுஓயாவில் மாறி ராகலைக்குப் போகிற சின்ன ரயில். அந்தக் குறுகிய பாதை 1948-ல் மூடப்பட்டு, தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. அப்பாயி அதில் வந்ததைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்வாள்: குளிரில் பெட்டியைத் திறந்து இருந்த துணியையெல்லாம் எடுத்துப் போர்த்திக்கொண்டார்களாம். கடைசியில் பெட்டிக்குள் மிஞ்சியது பாட்டுப் புத்தகம் மட்டும்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. "பின்ன ஏன் வாங்குன?" என்று கேட்டால், "படம் போட்டிருந்துச்சுல்ல" என்பாள். அட்டையும் நான் பார்க்கிற காலத்தில் பாதிதான். உள்ளே தாள் மஞ்சளாகி, மடித்த இடமெல்லாம் ஓட்டை. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு: முதலில் நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம், அது முக்கியமான இடத்தில் நின்று மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும், பிறகு ராகம் தாளம் போட்ட பாட்டுகள். நான் எழுத்துக் கூட்டி அப்பாயிக்கு வாசித்தேன். கிருஷ்ணன், டி. ஆர். மகாலிங்கம். யசோதை, டி. பி. ராஜலக்ஷ்மி.

"அவதான்" என்றாள் அப்பாயி. "வயசானவ. புள்ளைய அவ்வளவு ஆசையா வளத்தா."

வெகுகாலம் கழித்து, வாத்தியாராகிச் சம்பளம் வாங்கி, கொழும்புக்குப் போகிறபோதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடுகிற வியாதி வந்த பிறகு, ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். டி. பி. ராஜலக்ஷ்மி பிறந்தது 1911 நவம்பரில். யசோதையாக நடித்தபோது அவருக்கு இருபத்தாறோ இருபத்தேழோ. அப்பாயிக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

அந்த இருபத்தேழுக்குள் அவர் செய்து முடித்திருந்ததைப் படித்தபோதுதான் எங்கள் கூத்து மாஸ்டர் சொன்ன "வேற" என்ற சொல் என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது.

திருவையாறு பஞ்சாபகேச ராஜலக்ஷ்மி. டி, பி இரண்டுக்கும் விரிவு அதுதான். காவிரிக்கரை, தியாகராஜர் சமாதி இருக்கிற ஊர், பிராமணக் குடும்பம். ஏழெட்டு வயதில் கல்யாணம். இந்தியாவில் பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டம் வந்ததே 1929-ல்தான், அதற்குப் பத்து வருஷம் முந்திய கதை இது. சீர் வரிசைத் தகராறில் அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. தகப்பனாரும் போய்விட, தாயும் மகளும் திருச்சிக்கு வந்தார்கள். பிழைப்புக்கு என்று பார்த்தால் அந்தச் சிறுமியிடம் குரல் இருந்தது. ஒருமுறை கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடுகிற ஞாபகம் இருந்தது. பதினோரு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

இதை இரண்டு வரியில் எழுதிவிடலாம். அந்த இரண்டு வரி அப்போது என்ன விலை என்பதை நாடக மேடையின் அன்றைய நிலையை வைத்துத்தான் சொல்ல முடியும். பாய்ஸ் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலம். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பையன்களை வைத்தே கம்பெனி நடத்தினார். வள்ளியும் பவளக்கொடியும் சந்திரமதியும் பையன்கள்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் பையனின் பிழைப்பு அன்றோடு போச்சு. பெண்களே மேடை ஏறிய கம்பெனிகளும் இல்லாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் ஆண் வேஷத்தையும் பெண்களே கட்டினார்கள். ஆனால் அந்தப் பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். பார்க்க வருகிற கூட்டத்துக்கு அவர்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. குடும்பத்திலிருந்து வந்த பெண், அதுவும் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பிராமணப் பெண் மேடை ஏறினால் அவளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அவள்தான் புதிதாக ஒரு கணக்குத் திறக்க வேண்டும்.

எங்கள் மலைநாட்டுக்கும் இந்த நாடகக் காற்று வராமல் இல்லை. கே. பி. சுந்தராம்பாள் கொழும்பில் நாடகம் ஆடிப் பெயர் வாங்கினார். நாடக நடிகர் கிட்டப்பாவும் அவரும் ஜோடி சேர்ந்ததே இலங்கையில்தான், 1926 வாக்கில். ஆனால் கொழும்பு வேறு, வலப்பனை வேறு. கொழும்பில் சுந்தராம்பாள் வள்ளியாக நின்று பாடிய அதே காலத்தில் எங்கள் தோட்டங்களில் அர்ச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் பெண்கள் எல்லாரும் மீசை மழித்த ஆண்கள். கொழுந்து கிள்ள, தேயிலைக் கூடை சுமக்க, விடியுமுன் பிரட்டுக்கு ஓட, எல்லாவற்றுக்கும் பெண் வேண்டும். பொட்டலில் பெண்ணாக நிற்க மட்டும் நான் வேண்டும்.

ராஜலக்ஷ்மி மேடையில் எம். கே. தியாகராஜ பாகவதர், வி. ஏ. செல்லப்பா மாதிரியான ஆட்களோடு நின்று பாடியவர். நாடகத்தில் மைக் கிடையாது. கடைசித் தரை டிக்கெட்டுக்காரன் வரைக்கும் குரல் போக வேண்டும், இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை போக வேண்டும். பேசும்படம் வந்தபோது அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் முகம் அல்ல, இந்தத் தொண்டைதான் என்று நான் நினைக்கிறேன். மௌனப் படங்களிலும் அவர் நடித்திருந்தார். ஆனால் மௌனப் படத்தில் அழகாக இருந்த எத்தனையோ பேரைப் பேசும்படம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

1931 மார்ச்சில் பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி 'ஆலம் ஆரா'வை வெளியிட்டது. ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. அதனால் ரயில் ஓடாத நடு இராத்திரியில்தான் படம் பிடித்தார்கள். அதே இடத்தில், அதே செட்டுகளைப் பயன்படுத்தி, எச். எம். ரெட்டி 'காளிதாஸ்' எடுத்தார். அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. இளவரசியாக ராஜலக்ஷ்மி. மாட்டுக்காரப் பையனை ஏமாற்றி அவளுக்குக் கட்டிவைக்கிறார்கள், காளியின் அருளால் அவன் கவி காளிதாசன் ஆகிறான், அதுதான் கதை. அந்தப் படத்தில் ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார், காளிதாசனாக நடித்த பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொன்னார். ஒரு காட்சியில் எதிரெதிரே நின்று இரண்டு பாஷை! கட்டிவைத்த ஜோடிக்குள் அது பொருத்தம்தான் என்று நான் சிரித்துக்கொள்வேன். பாட்டிலும் கலவை. தியாகராஜர் கீர்த்தனை வந்தது, நடுவில் காந்தியின் ராட்டினத்தைப் புகழ்கிற பாட்டும் வந்தது. காளிதாசன் காலத்தில் ஏது ராட்டினம் என்று யாரும் எழுந்து கேட்கவில்லை. கைதட்டினார்கள். பாட்டு எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ், நாடக மேடையில் தேசியப் பாட்டை நுழைக்கத் தெரிந்த கை. பம்பாயிலிருந்து படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது அதற்குப் பூப்போட்டுத் தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் காமன் கம்பத்தைக் கொண்டுபோகிற மாதிரி இருந்திருக்கும்.

படம் பிடிக்கிற முறையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே அப்போது இல்லை. காமிரா ஓடும்போதே பாட வேண்டும். ஹார்மோனியக்காரரும் தபலாக்காரரும் காமிராவின் கண்ணுக்குத் தப்பிய இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். நாலு நிமிஷப் பாட்டின் கடைசி வரியில் யாராவது இருமினால் மறுபடி முதலிலிருந்து. நடித்துக்கொண்டே பாடி, பாடிக்கொண்டே மைக்கை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். பொட்டலில் ஆடிக்கொண்டே ஒப்பாரி சொன்னவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கஷ்டத்தில் ஒரு காலணா பங்கு உண்டு. மூச்சை எங்கே வாங்குவது என்பதுதான் முழு வித்தையும்.

அடுத்து 1933-ல் 'வள்ளி திருமணம்'. கல்கத்தாவில் பயனியர் கம்பெனியில் எடுத்த படம், பி. வி. ராவ் இயக்கம். பணம் போட்டவர்களில் ஒருவர் கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். அவரை இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர், 1905-ல் திருச்சியில் நோய்வாய்ப்பட்ட ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். கூடாரம் அடித்துப் படம் காட்டியவர், வள்ளி கதைக்குக் கூட்டம் வரும் என்று ஜனங்களின் முகத்தைப் பார்த்தே கற்றிருப்பார். வந்தது. ராஜலக்ஷ்மி வள்ளி. நாரதராக நடித்த டி. வி. சுந்தரம் பிறகு ராஜலக்ஷ்மியின் கணவரானார். நாரதர் கலகம் நன்மையில் முடிந்தது என்று அந்தக் காலத்தில் யாரோ சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

இதுவரை எழுதியது ஒரு நடிகையின் கதை. அந்த வகைக் கதை வேறு பலருக்கும் உண்டு. நான் இந்தப் பெண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது 1936-க்காக.

ராஜலக்ஷ்மி 'கமலவல்லி' என்றொரு நாவல் எழுதியிருந்தார். காதலித்தவன் ஒருவன், கழுத்தில் தாலி கட்டியவன் இன்னொருவன் என்று சிக்கிக்கொள்கிற ஒரு படித்த பெண்ணின் கதை. ஏழெட்டு வயதில் தனக்குத் தெரியாமல் கழுத்தில் தாலி விழுந்தவர் எழுதினது. அப்போது தமிழில் பெண் நாவலாசிரியர் அவர் ஒருவரே என்று சொல்ல முடியாது. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-லிருந்து 'ஜகன்மோகினி'யை நடத்தி வரிசையாக நாவல் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய 'அநாதைப் பெண்' 1938-ல் படமாகவும் வந்தது. ஆனால் கோதைநாயகி எழுதினார், வேறு யாரோ படம் எடுத்தார்கள். ராஜலக்ஷ்மி தன் நாவலை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே திரைக்கதையாக்கினார், தானே கம்பெனி வைத்தார், தானே கதாநாயகியாக நடித்தார், தானே இயக்கினார். படத்தின் பெயர் 'மிஸ் கமலா'. தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். இந்தியாவில் அதற்கு முந்தி, மௌனப்பட காலத்தில், 1926-ல் பம்பாயில் பாத்திமா பேகம் ஒரு படம் இயக்கியிருந்தார்.

அந்த 'மிஸ்' என்ற சொல்லை நான் நிறைய யோசித்திருக்கிறேன். அன்றைக்கு விளம்பரங்களில் நடிகைகளின் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போடுவது வழக்கம். கல்யாணமானவரா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மரியாதையும் இருக்கும், ஒரு கண்சிமிட்டலும் இருக்கும். ராஜலக்ஷ்மி அந்தச் சொல்லைத் தூக்கித் தன் கதாநாயகி தலையில் வைத்தார். தனக்குப் பிறந்த பெண்ணுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

அமெரிக்காவிலும் சினிமா குழந்தையாக இருந்தபோது இப்படிப் பெண்கள் இருந்தார்கள். ஜீன் காண்டியர் என்று ஒருத்தி, கேலம் கம்பெனியில் நடிகை. குதிரையிலிருந்து குதிப்பாள், ஆற்றில் விழுவாள். ஆள் இல்லாததால் கதை எழுதவும் உட்கார்த்தினார்கள். எழுதிக் குவித்துவிட்டாள். 1907-ல் 'பென்ஹர்' நாவலை அவள் சின்னப் படத்துக்குச் சுருக்கிக் கொடுக்க, நாவலைப் பதிப்பித்த ஹார்ப்பர் கம்பெனி வழக்குப் போட்டது. அனுமதி வாங்காமல் புத்தகத்தைப் படமாக்கக் கூடாது என்று 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். அங்கேயும் பணம் பெருகி, ஸ்டூடியோக்கள் பெருத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆபீஸ் அறை வந்த பிறகு பெண்கள் எழுத்து மேசையையும் காமிராவையும் விட்டு நகர்த்தப்பட்டார்கள். முகத்துக்கு மட்டும் கிராக்கி நின்றது. ஆள் இல்லாத காலத்தில் பெண் எல்லாம் செய்யலாம். ஆள் சேர்ந்த பிறகு அவளுக்கு ஒரு வேலைதான். தோட்டத்திலும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆள் போதாவிட்டால் எந்த வேலைக்கும் பெண்ணை இறக்குவார்கள். கங்காணியாக மட்டும் அபூர்வமாகத்தான் கண்ணுக்குத் தெரிவாள்.

'மிஸ் கமலா'வுக்குப் பிறகு ராஜலக்ஷ்மி 'மதுரை வீரன்' எடுத்தார். 'இந்தியத் தாய்' என்று தேச விடுதலைப் பக்கம் சாய்ந்த ஒரு படத்தில் பணத்தைப் போட்டார், அது கையைச் சுட்டது. இடையில்தான் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் 'நந்தகுமார்'. சொந்த நாவலைச் சொந்தமாக இயக்கிச் சுமார் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயதில் அம்மா வேஷம்.

அந்தப் படத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதில் தேவகியாக நடித்தவருக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். தமிழில் பின்னணிக் குரல் வைத்த முதல் படம் என்று அதைத்தான் சொல்வார்கள். முகம் ஒருத்தி, குரல் ஒருத்தி. குரலை வைத்து மேலே வந்த ராஜலக்ஷ்மி, குரல் இல்லாதவர்களும் இனிக் கதாநாயகி ஆகலாம் என்று ஆன படத்தில் யசோதையாக உட்கார்ந்து பிள்ளை வளர்த்திருக்கிறார். அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம்தான், எத்தனையோ பாட்டுப் புத்தகம் இருக்க, எங்கள் அப்பாயியின் பெட்டியில் ஏறி ராகலைக்கு வந்தது. அப்பாயி ஒன்றும் யோசித்து வாங்கியிருக்க மாட்டாள்.

யசோதை வேஷத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கக் கூடாது. அம்மா வேஷம் கட்டுவது கஷ்டம். கதாநாயகியை ஜனங்கள் பார்ப்பார்கள், அம்மாவை நம்ப வேண்டும். அப்பாயி நம்பிவிட்டாளே! சாகிறவரைக்கும் அவளுக்கு ராஜலக்ஷ்மி "வயசானவ"தான்.

காகிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றும் மிஞ்சவில்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். கொஞ்சம் சூடு பட்டால் போதும், தானே பற்றிக்கொள்ளும். எரியாமல் தப்பியதை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். ராண்டார் கையும் தியடோர் பாஸ்கரனும் பிலிம் நியூஸ் ஆனந்தனும் தேடி எழுதி வைத்திருக்காவிட்டால் பெயர்கள்கூட நமக்கு வந்திருக்காது. முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி எப்படி நடந்தாள், எப்படித் திரும்பினாள், காளிதாசனின் தெலுங்குக்குத் தமிழில் பதில் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது, எதுவும் இல்லை. பாட்டுப் புத்தகமும் விளம்பரத் துணுக்கும் சில நிழற்படங்களும் மிச்சம்.

எங்கள் மலையிலும் ஒரு பெண்ணின் பாட்டு இப்படிக் காகிதத்தில்தான் நின்றது. கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள். நடேசய்யர் 1931-ல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டியவர், 1936-லிருந்து அட்டன் தொகுதிக்கு அரசாங்க சபை உறுப்பினர். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ராஜலக்ஷ்மியின் காவிரிதான் இவருடையதும். அவர் பேசுவதற்கு முன்னால் மீனாட்சி அம்மாள் பாடுவார். பாரதி பாட்டு, தன் சொந்தப் பாட்டு. எழுத்துத் தெரியாத கூட்டத்துக்குப் பேச்சைவிடப் பாட்டு சீக்கிரம் ஏறும், வீட்டுக்கும் கூடவே போகும். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று 1940-ல் மீனாட்சி அம்மாளின் பாட்டுகள் சின்னப் புத்தகமாக வந்தன. தலைப்பைப் பார்த்தால் அறிக்கை மாதிரி இருக்கும், உள்ளே பாட்டு. 'மிஸ் கமலா' வந்து நாலே வருஷம். ஒருத்தி காமிராவுக்கு முன்னால், ஒருத்தி தோட்டத்துக் கூட்டத்தில். குரலை வைத்துக்கொண்டு எழுத்துக்குள் போனவர்கள் இருவரும். மீனாட்சி அம்மாள் எந்த மெட்டில் எந்தச் சுருதியில் பாடினார் என்பதைப் பிடித்துவைக்க நைட்ரேட் சுருள்கூட இருக்கவில்லை.

இதற்கெல்லாம் நேர் எதிராக ஒரு கதையும் உண்டு. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேஷம். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அன்றைய தினத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. பெண் ஆண் வேஷம் கட்டினால் லட்சம், ஆண் பெண் வேஷம் கட்டினால் ஒரு தேத்தண்ணியும் அவித்த கொண்டைக்கடலையும் என்று நான் என் மனைவியிடம் சொன்னேன். "உங்க மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி" என்றாள்.

ராஜலக்ஷ்மி 1964 ஆகஸ்ட் 20-ல் சென்னையில் காலமானார். ஐம்பத்திரண்டு வயது. சம்பாதித்ததில் பெரும்பகுதி படம் எடுத்தே போயிருந்தது. கிட்டத்தட்டப் பத்து வாரத்தில், அக்டோபர் 30-ல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கேயே, ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எங்களைப் பிரித்தார்கள். சித்தப்பா குடும்பம் ஐந்தே கால் லட்சத்துக்குள் விழுந்தது. அவர்கள் போகிற அன்றைக்கு அப்பாயி தன் தகரப்பெட்டியைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். வந்த பெட்டி, திரும்பிப் போகட்டும் என்றாள். கொடுப்பதற்கு முந்தி அடியில் கைவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டாள். இப்போது அது என்னிடம், பொலித்தீன் உறைக்குள், மழைக்காலத்தில் அடுப்படிப் பரணில்.

போன மாசி, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கலைவிழாவுக்குக் காமன் கூத்தின் ஒரு பகுதியை மேடையேற்றினார்கள். பழைய ரதி என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரதிக்குப் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி. அவளுடைய அப்பா முதலில் வேண்டாம் என்றாராம், பிறகு ஒத்திகையைப் பார்க்க அவரே தினமும் வந்து பின்வரிசையில் நின்றார். காமன் எரிந்த பிறகு ரதி பொட்டலைச் சுற்றி நடக்கிற நடை எப்படி என்று அந்தப் பிள்ளை கேட்டாள். எனக்கும் ஆசை விடவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியைச் சேலை மாதிரிப் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து, கையை நெஞ்சில் வைத்து, எழுபதைத் தாண்டிய முழங்காலோடு ஒரு சுற்று நடந்து காட்டினேன். மாஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே நடை.

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மரியாதையாகத்தான் சொன்னாள்:

"சேர், பொம்பளைக யாரும் அப்புடி நடக்க மாட்டாங்க சேர்."

"பின்ன எப்புடி?" என்றேன்.

அவள் எழுந்து மேடையின் அந்த மூலைக்குப் போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்வரிசைக்கு வந்து, அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.